இன்னொரு சுற்று



நான்கு பேர் அமரும் சிறிய விமானம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். செஸ்னா 172 என்று அதற்குப் பெயர். முழுச் சுமையோடும் ஏறத்தாழ 1,100 கிலோதான். அது தரையிறங்கும் நேரத்தில் காற்று விட்டுவிட்டு வீசினால் என்ன ஆகும்? விமானத்தைத் தாங்குவதே இறக்கைகள்மேல் ஓடும் காற்றுதான். எதிர்க்காற்று திடீரென வலுத்தால் விமானம் மேலே எழும்பும். அதே காற்று சட்டென ஓய்ந்தால், தாங்கிய கை விலகியதுபோல் ஓடுபாதையில் விழுந்து துள்ளும். எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்று விமானி அப்போது மூக்கைக் கீழே அழுத்தினால், முன்சக்கரம் மோதி உடையும். முன்னால் சுழலும் விசிறி தரையில் அடிபடும்.

இதற்கு விமானிகளுக்குக் கற்றுத்தரும் வழி எளிது. சரியாக அமையவில்லையா? இறங்காதே. இயந்திரத்துக்கு முழு விசை கொடு, மேலே ஏறு, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வா. இதைக் கோ-அரவுண்ட் என்பார்கள். சொல்வது எளிது. ஆனால் ஓடுபாதை கண்முன் தெரியும்போது, 'வந்துவிட்டோமே' என்று மனம் சொல்லும்போது, திரும்ப மேலே ஏற யாருக்கு மனம் வரும்?

புனித பவுல் உரோமைக்குச் சென்ற கப்பலிலும் இதுவே நடந்தது. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பயணத்தைத் தொடர்ந்தால் ஆபத்து என்று பவுல் எச்சரித்தார். கப்பலோட்டியும் கப்பல் உரிமையாளரும் சொன்னதையே நூற்றுவர் தலைவர் நம்பினார். தெற்கிலிருந்து காற்று மெல்ல வீசியதும், நினைத்தது கைகூடிவிட்டது என்று பாய் விரித்தார்கள். அந்த இளங்காற்றுதான் அவர்களை ஏமாற்றியது. பின்னாலேயே புயல் வந்தது. 276 பேரும் உயிர் பிழைத்தார்கள், கப்பல் உடைந்துபோயிற்று.

நம் காலத்தில் நடந்த ஒன்றையும் நினைவுகூர்வோம். 2015 ஜனவரி 17 அன்று, ஹையான் புயலால் சிதைந்துபோயிருந்த பிலிப்பைன்சின் தக்லோபானுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் சென்றார். கொட்டும் மழையில், மஞ்சள் மழையங்கி அணிந்து, விமான நிலையத்தருகே திருப்பலி நிறைவேற்றினார். இன்னொரு புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. பிற்பகல் ஒரு மணிக்கே புறப்பட வேண்டும் என்று விமானிகள் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேலாக ஆறுதலுக்குக் காத்திருந்த மக்களிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, அவர் அந்தச் சொல்லுக்குப் பணிந்தார். அவரது விமானம் போன சற்று நேரத்தில், அரசு அதிகாரிகளை ஏற்றிய சிறிய ஜெட் விமானம் ஒன்று பலத்த காற்றுக்கிடையே ஓடுபாதையை விட்டு விலகியது. இறைவன் அருளால் அதில் யாரும் உயிரிழக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, நம் வீடுகளிலும் இந்தக் காற்று வீசுகிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பையன் குடிக்கிறான் என்று பிறகுதான் தெரிகிறது. "பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இனி எப்படி நிறுத்துவது? ஊர் என்ன சொல்லும்?" என்கிறோம். பெண் வாய் திறந்து 'வேண்டாம்' என்றாலும் நம் காதில் விழுவதில்லை. இரண்டு நாள் அவன் குடிக்காமல் இருந்தால், திருந்திவிட்டான் என்று பாய் விரிக்கிறோம். மண்டபப் பணம் போனால் போகட்டும். நம் பிள்ளையின் வாழ்வு உடைந்தால் எந்த முன்பணம் அதை மீட்கும்?

அண்ணன் தம்பி வரப்புத் தகராறிலும் அப்படித்தான். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்பதற்காகவே வழக்கை நீட்டிக்கொண்டு போகிறோம். போதகம் செய்யும் நாங்களும் இதற்கு விலக்கல்ல. தவறென்று தெரிந்த முடிவையும் கௌரவத்துக்காகப் பிடித்துக்கொண்டிருந்த நாள்கள் எங்களுக்கும் உண்டு.

திருச்சபை மனமாற்றம் என்று சொல்வது இதைத்தான். திரும்புவது தோல்வி அல்ல. தந்தையின் வீட்டுக்குத் திரும்பி நடந்த இளைய மகனை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை. இந்த வாரம் நம் வீட்டில் யாராவது 'வேண்டாம்' என்று சொன்னால், ஒரு நிமிடம் நின்று கேட்போம்.

செபிப்போமாக: காற்றையும் கடலையும் அடக்கிய ஆண்டவரே, எச்சரிக்கும் குரலில் உமது குரலைக் கேட்கும் செவியையும், திரும்பி வரும் துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.