திருத்தி எழுதும் யந்திரம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணனி வந்தபின் எழுத்து மலிந்துவிட்டது, எழுதுபவனுடைய சிரத்தை குறைந்துவிட்டது என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மனம் நொந்து சொல்லக் கேட்டேன். அவர் சொல்லில் உண்மை உண்டு; அதனை மறுப்பதற்கு நான் வரவில்லை. ஆயினும் குற்றம் முழுவதையும் யந்திரத்தின் தலையிற் போடுவதற்கு முன், அது வீட்டு மேசைக்கு எவ்வாறு வந்தது, எந்தத் துன்பத்தைத் தீர்க்க வந்தது என்று விசாரிப்பது நியாயமாகும்.

தட்டச்சில் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துத் தவறினால் அழித்துத் தட்டலாம். ஒரு வாக்கியத்தைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால், அந்தத் தாளை முழுவதும் மீண்டும் தட்ட வேண்டும். சில வேளைகளில் அதன் பின்வரும் தாள்களையும் தட்ட வேண்டும். ஆகவே, நல்ல எண்ணம் பிந்தி வந்தால், அது வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அமெரிக்காவில் மைக்கேல் ஷ்ரேயர் என்பவருக்கும் இந்தத் தொல்லை நேர்ந்தது. அவரிடம் அல்டயர் என்னும் சிறிய கணனி இருந்தது. தாம் செய்த புரோகிராம் ஒன்றுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. கணனி அருகில் இருக்கத் தட்டச்சோடு ஏன் மல்லாட வேண்டும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தில் 1976இல் பிறந்ததுதான் 'எலெக்ட்ரிக் பென்சில்'. வீட்டுக் கணனிக்கென வந்த முதலாவது சொற்செயலி இதுவே என்பர்.

அக்காலத்து வீட்டுக் கணனிகள் எழுதுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. 1977இல் வந்த அப்பிள் II கணனியின் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துக்களே கொள்ளும். அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் மாத்திரமே. அதே ஆண்டில் வந்த டி.ஆர்.எஸ்.-80 கணனியில், திரைக்குரிய ஞாபகச் சில்லு ஒன்றின் செலவை மிச்சம் பிடித்ததனால், சிறிய எழுத்துக்களுக்கு இடமில்லாமற் போயிற்று. அதை வாங்கியவர்களிற் பலர் பெட்டியைத் திறந்து, தாமே இன்னொரு சில்லை ஈயப்பற்று வைத்துப் பொருத்திக்கொண்டார்கள். ஒரு பந்தியைத் திருத்துவதற்காக மனிதர் இவ்வளவு பாடுபட்டார்கள் என்றால், திருத்த முடியாத துன்பம் எத்துணை பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

1970களின் முடிவில் சீமோர் ரூபின்ஸ்ரைனின் கம்பனி 'வேர்ட்ஸ்டார்' என்னும் சொற்செயலியை வெளியிட்டது. அதனை எழுதியவர் றொப் பார்னபி. பல விசைப்பலகைகளில் அம்புக்குறி விசைகள் இல்லாத காலம் அது. ஆகையால் 'கொன்ட்ரோல்' விசையை அமுக்கிக்கொண்டு ஈ, எஸ், டி, எக்ஸ் என்னும் நான்கு விசைகளால் மேலும் கீழும் இடமும் வலமும் செல்ல வழி செய்தார்கள். கையை எடுக்காமலே பக்கம் முழுவதும் உலாவலாம். ஒரு பந்தியைக் குறித்து, பெயர்த்து, வேறோர் இடத்தில் வைக்கலாம். 1981இல் வந்த ஒஸ்போர்ண் 1 என்னும் கணனியுடன் இந்தச் சொற்செயலியையும் சேர்த்தே கொடுத்தார்கள். விலை 1,795 டொலர். நிறை 24 றாத்தலுக்கு மேல். திரையின் அளவு ஐந்து அங்குலம். ஞாபகம் 64 கிலோபைற். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்தச் சரித்திரத்தில் நமது நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த '2010: ஒடிசி டூ' என்னும் நாவலை ஆர்க்கைவ்ஸ் III என்ற கணனியில், வேர்ட்ஸ்டாரைக் கொண்டு எழுதினார். முழு நாவலும் ஒரேயொரு நெகிழ்வட்டிற் கொழும்பிலிருந்து நியூ யோர்க் சென்றது. பின்பும் அவர் மனம் ஆறவில்லை. கடைசி நேரத் திருத்தங்களைப் பாதுக்கைத் தரை நிலையத்தின் வழியாக, இந்து சமுத்திரத்துக்கு மேல் நின்ற இன்ரெல்சாற் செய்மதி மூலம் அனுப்பினார். பூமியிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் செய்மதிகளாற் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவரும் அவரே. உலகப் புகழ் பெற்று, அறுபது வயதைக் கடந்த ஓர் எழுத்தாளர், தாம் கனவு கண்ட செய்மதியைத் தம் பிழையைத் திருத்துவதற்குப் பயன்படுத்தினார். யந்திரம் அவரைச் சோம்பேறியாக்கவில்லை.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலையிற் படித்தபோது ஒரு கட்டுரைப் போட்டிக்கு எட்டுப் பக்கம் கையாற் சுத்தப்பிரதி எழுதினேன். எழுதி முடித்த இரவில், இரண்டாம் பக்கத்தில் நான் காட்டிய நியாயம் பிழை என்று தெரிந்தது. திருத்தினால் ஏழு பக்கங்களையும் மீண்டும் எழுத வேண்டும். தாளை மடித்து உறையிலிட்டேன். பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசுப் புத்தகத்தை இன்றும் என்னால் மனநிறைவோடு திறக்க முடிவதில்லை. அன்று எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. இன்று அந்தச் சாக்கை இந்த யந்திரம் பறித்துவிட்டது. தெரிந்தும் பிழையை விட்டுவைப்பவன் இனிமேல் யாரைக் குறை சொல்வான்?

பெரியவர்களின் கவலைக்கும் இடமுண்டு என்றேன். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகள் நம் உழைப்பையும் தடுமாற்றத்தையும் காட்டும். திரையில் முந்திய வடிவம் சுவடின்றி மறையும். பாதி வெந்த எண்ணமும் அச்சடித்தது போல அழகாய்த் தோன்றி, எழுதியவனையே ஏமாற்றும். இந்த அழகில் மயங்கித்தான் நம்மவர் பலர் இரண்டாம் முறை வாசியாமலே அனுப்பிவிடுகிறார்கள். பழைய கணனிக்காரரிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மின்சாரம் நின்றால் எழுதியதெல்லாம் போய்விடும் என்ற அச்சத்தால், சிறிது எழுதுவதும், நிறுத்திச் சேமிப்பதும், பார்ப்பதுமாக இருந்தார்கள். அந்த நிறுத்தம் நமக்கும் வேண்டும். எழுதியதைத் தாளில் எடுத்து, வாய்விட்டு வாசித்து, பின்பு திருத்துவோமாக.

நானும் மிஷன் பாடசாலையிற் படித்தவன். மிஷன் பாடசாலையிற் பயின்ற ஆறுமுக நாவலர் பெருமான், 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். பிழையற்ற பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று உலகம் சொல்லிற்று. அந்தப் பெருமையை அவருக்குத் தந்தது அச்சியந்திரமன்று. அச்சுத்தாளின் மேல் விழித்திருந்த அவருடைய கண்கள். நம் கையிலும் ஒரு யந்திரம் இருக்கிறது. விழித்திருக்கும் வேலை நம்முடையது.