சர்வாதிகாரியின் வீடும் பம்பாயில் காத்திருந்த அஸ்தியும்



மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பல பகுதிகளிலிருந்தும் பாண்டுப் வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கிறீர்கள். 'போர்க்காலச் சர்வாதிகாரிகளின் அறியப்படாத தனிவாழ்க்கை' என்னும் கருத்தரங்கிற்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

ஹிட்லர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தப் பெயர் நம் வீட்டுக்குள்ளேயே புழங்குகிறதே என்றேன். கண்டிப்பான தகப்பனாரை 'எங்கப்பா ஒரு ஹிட்லர்' என்கிறோம். நம் பெரியவர்கள் அப்படிப்பட்டவரை 'எம்டன்' என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. கப்பலின் பெயர் பட்டப்பெயரானதில் பெரிய கேடில்லை. ஆனால் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றொழித்த ஆட்சியின் தலைவன் பெயரை, பிள்ளை வரும்வரை வாசலில் காத்து நிற்கும் அப்பாவுக்குச் சூட்டும்போது, அந்தப் படுகொலை வெறும் கண்டிப்பாகச் சுருங்கிப்போகிறது.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு கல்லூரி மாணவர் ஹிட்லர் எழுதிய 'மெயின் காம்ப்' நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதற்குத் தம்பி என்றேன். தலைமைப் பண்பு வளர்த்துக்கொள்ள என்றார். இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்று அதே நூலில் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. படிக்க வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. முழுவதும் படியுங்கள் என்றேன்.

தனிவாழ்க்கையை ஆராய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. 1932இல் ஹிட்லரின் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹோஃப்மான் ஒரு படநூல் வெளியிட்டார். அதன் தலைப்பே 'யாரும் அறியாத ஹிட்லர்'. நாயோடும் குழந்தைகளோடும் மலைக்காட்சியோடும் ஒரு மென்மையான மனிதரை அது காட்டியது. ஆக, 'அறியப்படாத வாழ்க்கை' என்பதே அன்று விற்பனைக்கு வைத்த சரக்கு. இன்று நம் கைப்பேசிக்கு வரும் 'அவர் சைவ உணவுக்காரர் தெரியுமா' என்ற செய்தியும் அந்தச் சரக்கின் மிச்சம்தான்.

அப்படியானால் தனிவாழ்க்கையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அதைச் சாட்சியமாக வாசிக்க வேண்டும். ஹிட்லரின் தாய் கிளாராவுக்கு மார்பகப் புற்றுநோய். 1907இல் அவர் இறக்கும்வரை வைத்தியம் பார்த்தவர் எட்வர்ட் பிளாக் என்ற யூத மருத்துவர். 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பின் அவருக்குத் தனிப் பாதுகாப்புக் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இதை நன்றியுணர்வு என்று சிலர் நெகிழ்ந்து சொல்வார்கள். எனக்கு அது குற்றச்சாட்டாகவே படுகிறது. யூதரும் மனிதர்தாம் என்று தெரிந்த ஒருவன்தான் மற்றவர்களைச் சாகக் கொடுத்தான். 1931 செப்டம்பரில், மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரியின் மகள் கெலி ராபல், 23 வயதில், அவனுடைய மியூனிக் வீட்டிலேயே அவனுடைய துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிக் கிடந்தாள். நாட்டை நடுங்க வைப்பதற்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பெண் மூச்சுத்திணறி வாழ்ந்திருக்கிறாள்.

இனி நம் நகரத்தோடு தொடர்புள்ள ஒரு கதைக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1891இல் பிறந்த செண்பகராமன் பிள்ளை, பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர். அவர் எம்டனில் வந்தார் என்பது நம் ஊரில் வழங்கும் கதை; அதற்கு உறுதியான சான்றில்லை என்பதை ஆய்வாளர் மறைக்கக் கூடாது. ஹிட்லர் இந்தியர்களை இழிவாகப் பேசியதை அவர் எதிர்த்து நின்றார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. நாஜிகள் ஆட்சிக்கு வந்த அடுத்த ஆண்டே, 1934 மே 26இல், அவர் பெர்லினில் மறைந்தார். நஞ்சு வைத்தார்கள் என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

மணிப்பூரைச் சேர்ந்த அவர் மனைவி லட்சுமிபாய் கணவரின் அஸ்தியோடு பம்பாய் வந்தார். விடுதலை பெற்ற நாட்டில், தாம் பிறந்த மண்ணில் அது கரைய வேண்டும் என்பது கணவரின் விருப்பம். 1966இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பல் அதைக் கொச்சிக்கு ஏற்றிச் செல்லும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெண் அந்தக் கலசத்தைக் காத்தார். 1972இல் இந்த நகரிலேயே மறைந்தார்.

ஹிட்லரின் நாயின் பெயர் பிளாண்டி என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். லட்சுமிபாய் என்றால் விழிக்கிறார்கள். அறியப்படாத தனிவாழ்க்கை உண்மையில் யாருடையது?

கட்டுரையாளர்களே, சர்வாதிகாரியின் சாப்பாட்டு மேசையைப் பற்றி எழுதுங்கள். அந்த ஆட்சி யார் வீட்டு அடுப்பை அணைத்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். லட்சுமிபாயை நேரில் கண்ட மும்பைவாசி யாரேனும் இன்று இருந்தால் வயதில் மூத்தவராக இருப்பார். இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கவும் கூடும். தேநீர் இடைவேளையில் உங்கள் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் கருத்தரங்கின் முதல் ஆய்வு அங்கே தொடங்கட்டும்.