கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர்



நான் தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் திறப்பதும் மேட்டூர் அணை திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். அணைக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அணை திறந்த செய்தி வந்த மாத்திரத்தில் யாரும் குறுவை நெல் நட்டுவிட முடியாது. தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியாகவும் வெண்ணாறாகவும் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடையைத் தொட வேண்டும். எந்த ஷட்டரை எப்போது ஏற்றுவது என்று அறிந்த மதகுக் காவலரான லஸ்கர் இல்லாவிட்டால், தலைமடையில் வரப்பு உடையும்; கடைமடையில் நாற்றங்கால் காயும். பள்ளியில் அந்த வேலை தலைமையாசிரியருடையது. கோட்டையில் போட்ட அரசாணை மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டுக்கு வந்து சேர்வது அவர் கையில் இருக்கிறது.

தலைமையில் இருப்பவரைப் பொறுத்தே பள்ளியும் கல்லூரியும் என்பது இன்று வந்த உண்மை அல்ல. 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். தம் இடத்துக்கு அவர் சொன்ன பெயர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை மடத்தில் இருந்தவர். கையில் பட்டம் எதுவும் இல்லாதவர். வேலையில் சேர்ந்த பிப்ரவரி 16-ஆம் தேதி அவருக்கு 25 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. கல்லூரி முதல்வர் கோபாலராவ், செட்டியாரின் சொல்லை நம்பி, அந்த இளைஞரை ஏற்றுக்கொண்டார். முதல் வகுப்பில் செட்டியாரும் கூடவே இருந்து கவனித்தார்.

அடுத்த 23 ஆண்டுகள் உ.வே.சா. அந்தக் கல்லூரியில்தான் இருந்தார். அங்கே இருந்தபடி அவர் பதிப்பித்தவை: சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. எல்லாம் பகலில் பாடம் சொல்லிவிட்டு மற்ற நேரத்தில் ஏடு பார்த்த ஓர் ஆசிரியரின் உழைப்பு. இன்று நாம் இந்த மேடையில் சங்க இலக்கியம் என்று பெருமையோடு பேசுகிறோம். அதில் ஒரு முதல்வரின் கையெழுத்தும் இருக்கிறது.

அதே ஊரில் டவுன் ஹைஸ்கூல். மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர், பள்ளி முழுவதற்குமான கால அட்டவணை போடும் வேலையை ராமானுஜன் என்ற மாணவனிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1904-இல் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அந்தப் பையனுக்கு ரங்கநாத ராவ் கணிதப் பரிசு வழங்கி, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே தகுதியுள்ளவன் என்று சபையில் அறிவித்தார். ஆசிரியர் கண்டுபிடித்ததைத் தலைமையாசிரியர் ஊரறியச் செய்தார். பிறகு ராமானுஜன் சேர்ந்தது உ.வே.சா. இருந்த அதே அரசுக் கல்லூரி. அங்கே மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். ஒரு நிறுவனத்தின் பெரிய பெயர் மட்டும் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் தலைமையாசிரியர் திடீரென்று வந்து கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார். எனக்குக் கை நடுங்கும், சாக்பீஸ் உடையும். மணி அடித்த பிறகு வராந்தாவில் தோளில் கை போட்டுக் கேட்பார்: "தம்பி, ஜன்னலோரம் இருக்கிற அந்தப் பொண்ணு பாடம் முடியிற வரைக்கும் வாயே திறக்கல. கவனிச்சீங்களா?" அவ்வளவுதான். குறை சொல்ல மாட்டார், குறிப்பும் எழுத மாட்டார். மறுநாள் என் கண் முதலில் ஜன்னலோரம்தான் போகும். பாடம் நடத்துவதை நான் கற்றது பயிற்சிக் கல்லூரியில் அல்ல, அந்த வராந்தாவில்.

இன்றைய தலைமையாசிரியருக்குக் கடைசி பெஞ்சில் உட்கார நேரம் இருக்கிறதா? ஈராசிரியர் பள்ளியில் அவரே வகுப்பாசிரியர். பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு, காலை உணவுக் கணக்கு, விலையில்லாப் பொருள் கணக்கு, அதிகாரி கூட்டம் எல்லாம் அவர் தலையில். காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, எங்கள் டெல்டாவின் திருக்குவளைப் பள்ளியில் இருந்துதான். நல்ல திட்டம், மனமார வாழ்த்துகிறேன். ஆனால் சோறு வெந்ததா என்று பார்ப்பவரும் பாடம் புரிந்ததா என்று பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கிறார். அந்தச் சுமையைக் குறைக்காமல் பள்ளி உயராது.

அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறும் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் 2022-இல் வந்த பிறகு, ஊரை விட்டு வந்திருக்கும் நீங்கள் ஊர்ப் பள்ளிக்கு உதவ நல்ல வழி இருக்கிறது. நன்கொடை தரும் உங்கள் மனத்தை வணங்குகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். வளைவும் பெயர்ப்பலகையும் பிறகு ஆகட்டும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து ஒரு காலைப் பொழுது நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியர் எதிரே உட்கார்ந்து, "உங்க ஆசிரியர்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்து கொடுங்கள்.