மழையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்



குடும்பத்தோடு வெளிநாடு போய், காரிலேயே ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நம் குமரி மாவட்டத்திலிருந்து மிகப் பக்கம் இலங்கைதான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கேயும் வண்டிகள் சாலையின் இடதுபக்கம்தான் ஓடுகின்றன. ஊர்ப் பெயர்ப் பலகைகளில் தமிழும் உண்டு.

பலரும் முதலில் ஓட்டல் தேடுவார்கள். நான் சொல்வது, முதலில் மழையைப் பாருங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவிக்கும் நமக்கு, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பழக்கம். இலங்கை அந்த இரண்டையும் பங்கு போட்டுக்கொள்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை மேற்குக் கரையையும் மலையகத்தையும் நனைக்கும். அப்போது கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில் நல்ல வெயில். வடகிழக்கு மழைக்காலத்தில் கிழக்குக் கரை நனையும்.

மலையகம் பார்க்க நல்ல காலம் தை, மாசி. ஆனால் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளிக்கூடம். கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால், சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிறகு, மே நடுப்பகுதிக்குள் போய் வந்துவிடுங்கள். புத்தாண்டு நாட்களில் அங்கே கடைகள் அடைத்திருக்கும், மலையகத்து நுவரெலியாவில் கூட்டம் நெரியும். சித்திரையில் பிற்பகல் இடிமழை சகஜம். அதனால் மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மண்சரிவு அபாயம் இருந்தால் அங்குள்ள தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கும். அதைப் பார்க்காமல் மலைப்பாதையில் ஏறாதீர்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நமக்குத் தெரியும். கண்டியிலிருந்து நுவரெலியாவும் ஏறக்குறைய அதே தூரம். வளைந்து வளைந்து ஏறும் தேயிலை மலைப்பாதை என்பதால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ரம்பொடை அருவி இருக்கிறது. சுசீந்திரம் அனுமாரைக் கும்பிட்டுப் பழகிய பாட்டிக்கு அங்கே ஓர் அனுமன் கோயிலும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம்; இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு மலைப்பாதை போதும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் பாதி வழியில் ஒரு மணி நேரம் இறங்கி இருக்கத் திட்டத்திலேயே இடம் விடுங்கள்.

நுவரெலியா பக்கத்து நானுஓயாவிலிருந்து எல்ல என்னும் ஊர் வரை ரயில் ஓடினால், குடும்பம் ரயிலில் போகட்டும். பெட்டிகளோடு வேன் சாலை வழியே வந்து சேரட்டும். எல்லவுக்கு அருகே தெமோதரையில் 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்க்கலாம். திரும்பும்போது மலையிறங்கி, தெற்கு அதிவேகச் சாலையில் ஏறினால் கொழும்புவரை நிம்மதி.

வண்டியை யார் ஓட்டுவது? நீங்களே ஓட்டுவதானால், நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அது ஓராண்டு செல்லும். அதோடு இலங்கையில் தற்காலிக அனுமதியும் வேண்டும். ஆனாலும் என் யோசனை, டிரைவரோடு வேன் எடுப்பதுதான். மலைப்பாதையில் ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சாலைதான் தெரியும், தேயிலைத் தோட்டம் தெரியாது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் எதையும் பார்க்காமல் திரும்புவது நியாயமா? பேரம் பேசும்போதே எரிபொருள், பார்க்கிங், டிரைவரின் சாப்பாடு, இரவுத் தங்கல் எல்லாம் வாடகையில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இலங்கைக்குள் நுழைவதற்கான பயண அனுமதியை இணையத்தில் எடுக்கும்போது, அன்றைய கட்டணத்தை இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள்.

ஆக, முதலில் மாதம், பிறகு நேரம், அப்புறம் வண்டி. இந்த மூன்றும் முடிவானால் ஓட்டலை ஒரே மாலையில் பிடித்துவிடலாம்.