பூர்வீகம் எது?

(வண்ணார்பேட்டையில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"புலம்பெயர்ந்தோர் வம்சாவளியும் பூர்வீக உரிமையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நெல்லைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று அயர்லாந்துக்காரர்களிடமிருந்து தொடங்குகிறேன். இடையன்குடி கால்டுவெல், 1814இல் ஆன்ட்ரிம் கவுண்டியில் பிறந்தவர். டோனாவூர் ஏமி கார்மைக்கேல், டவுன் கவுண்டிக்காரர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட கலெக்டர் ஆஷ், டோனகல் கவுண்டியிலுள்ள லெட்டர்கென்னியில் பிறந்தவர். நாம் மூன்று பேரையும் "வெள்ளைக்காரர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

அயர்லாந்தின் சட்டம் இதில் தாராளமானது. தாத்தாவோ பாட்டியோ அந்தத் தீவில் பிறந்திருந்தால் போதும். பேரப்பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் பிறந்திருந்தாலும் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக் குடிமகன் ஆகலாம். அந்த ஊரை ஒருநாளும் பார்த்திருக்க வேண்டியதில்லை. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பல் ஏறினார்கள். அப்படிப் போனவர்களின் வாரிசுகள் இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கில் தங்களை ஐரிஷ்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒபாமாவின் தாய்வழியில் ஒரு மூதாதை 1850இல் மணிகால் என்கிற சிற்றூரிலிருந்து போனவர். 2011இல் ஒபாமா அங்கே வந்துபோனார். இப்போது அந்த ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் அவர் பெயரில் ஒரு பெட்ரோல் பங்கும் உணவகமும் இருக்கின்றன.

சிரிக்காதீர்கள், நாமும் அதைச் செய்தோம். கமலா ஹாரிஸ் துணை அதிபர் ஆனபோது திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தோம், வெடி போட்டோம், கோயிலில் பூஜை செய்தோம். அவருடைய தாய்வழித் தாத்தா கோபாலனின் ஊர் அது. அந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது, அதே ஊரின் சேரியிலிருந்து அதே காலத்தில் யார் எங்கே போனார்கள் என்று எந்த டிவியாவது கேட்டதா? கதையில் இன்னொரு பாதியும் உண்டு. கமலாவின் அப்பா டொனால்டு ஹாரிஸ், தன்னுடைய பாட்டியின் வழியில் ஹாமில்டன் பிரவுன் என்பவரின் வம்சம் என்று தானே எழுதியிருக்கிறார். பிரவுன் ஜமைக்காவில் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளி. பிறந்தது, நம் கால்டுவெல் பிறந்த அதே ஆன்ட்ரிம் கவுண்டி. ஆக ஒரே பெண்ணுக்குள் ஓர் அக்ரகாரம், ஓர் அடிமை முதலாளி, பெயர் தெரியாத எத்தனையோ அடிமைகள். இதில் எதை எடுத்துக் கொண்டாடுகிறோம் என்பதில்தான் நம் அரசியல் இருக்கிறது.

நம் ஊரில் "பூர்வீகம் எது?" என்று ஒருவர் கேட்டால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "எந்தப் பக்கம்?" என்பார்கள். அடுத்து "எந்தத் தெரு?" தெருவைச் சொல்லிவிட்டால் பேச்சு நின்றுவிடும், வேண்டியது கிடைத்துவிட்டது. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தின் பெயரிலேயே ஒரு சாதியும் அதன் தொழிலும் இருக்கின்றன. தினமும் ஆயிரம் பேர் பஸ் கண்டக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள், யாருக்கும் உறைப்பதில்லை.

என் ஆய்வு ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளைப் பற்றியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவனுக்குச் சாதி எதற்கு என்று முதலில் தோன்றும். பட்டியலைப் பார்க்கப் பார்க்க அந்தக் கட்டமே ஒரு நாடகமாக இருக்கும். ஒரு இடத்தில் "பறையர்" என்று தெளிவாக இருக்கும். இன்னொரு இடத்தில் "மலபார்" என்று இருக்கும், தமிழர்களை வெள்ளைக்காரன் அப்படித்தான் எழுதினான். டிப்போவில் உண்மையைச் சொன்னவர்களும் உண்டு, வேறு சாதியைச் சொன்னவர்களும் உண்டு. கடல் தாண்டப் போகிறவன் சாதியையும் கரையில் விட்டுப் போனால் என்ன தப்பு? எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

அங்கே போன பிறகு பட்டங்கள் குடும்பப் பெயர்கள் ஆகிவிட்டன. நாயுடு, பிள்ளை, முதலியார், படையாச்சி எல்லாம் ஆங்கில எழுத்தில் வேறு ஓசை பெற்று வம்சத்துக்கும் ஒட்டிக்கொண்டன. முதலியார் "மூட்லி" ஆனார், கவுண்டர் "கோவெண்டர்" ஆனார். இங்கே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டபோது, அங்கே அது பாஸ்போர்ட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை டர்பனிலிருந்து வந்த ஓர் அக்காவுடன் தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். கையில் பட்டியலின் ஜெராக்ஸ். பெயரைச் சொன்னதும் டீக்கடையில் இருந்த பெரியவர் அன்பாகத்தான் கேட்டார்: "பிள்ளைன்னா, எந்தப் பிள்ளைம்மா?" அந்த அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை, என்னைப் பார்த்தார். ஜெராக்ஸில் சாதிக் கட்டத்தில் வேறு ஒன்று எழுதியிருந்தது. "அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது அய்யா" என்றேன். தெரியாது என்பது அவருடைய பாட்டன் பாட்டிகள் அவருக்குச் சேர்த்துவைத்த சொத்து. அதை அந்த டீக்கடையில் நான் கரைக்க விரும்பவில்லை. காரில் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மணி நேரம் பேசினோம்.

தமிழ்நாடு அரசு "வேர்களைத் தேடி" என்று அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து ஊர் சுற்றிக் காட்டுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் கோயிலையும் சிற்பத்தையும் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு, தன் முப்பாட்டி அந்தக் கோயிலுக்குள் நுழைந்திருக்கவே முடியாது என்று யார் சொல்வார்கள்? ரெட்டமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்ததையும், அயோத்திதாசரின் சாக்கிய பௌத்தம் டர்பன் வரை போய் அங்கே ஒரு சங்கமாக நின்றதையும் எந்த வழிகாட்டி சொல்வார்? அந்தப் பிள்ளைகளின் வேர் அங்கேயும் இருக்கிறது.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். 2024 மார்ச்சில் மொரீஷியஸ் போன குடியரசுத் தலைவர், அங்குள்ள இந்திய வம்சாவளியினர் ஏழாவது தலைமுறை வரை ஓ.சி.ஐ. அட்டை பெறலாம் என்று அறிவித்தார். 2025 ஜூலையில் டிரினிடாடில் பிரதமர் ஆறாவது தலைமுறை வரை என்றார். நான் இதை எதிர்க்கவில்லை. கூலியாகப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது நல்லது. மொரீஷியஸில் மோகா என்ற இடத்தில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் புகைப்படங்களோடு பத்திரமாக இருக்கின்றன. முப்பாட்டனின் முகத்தையே பார்க்கலாம்.

அதே காலத்தில், அதே ஜில்லாக்களிலிருந்து, இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு என்ன இருக்கிறது? கங்காணி கூட்டிப்போனான். நேட்டாலைப் போல ஆளுக்கு ஒரு வரி எழுதிய கப்பல் பட்டியல் கிடையாது. பிறகு வந்த தகர டிக்கெட்டிலும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும்தான் இருந்தன. பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் கேட்டது என்ன தெரியுமா? உன் அப்பா இலங்கையில் பிறந்தார் என்று காட்டு. இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. லைன் வீட்டில் பிரசவம் நடந்த காலத்துக்குச் சான்றிதழ் எங்கே போய் வாங்குவது? அயர்லாந்தில் கதவைத் திறக்கிற அதே தாத்தாவை வைத்து இலங்கை கதவைச் சாத்தியது.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை மேசையில் வைத்துப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சமும் 1974இல் பாதி பாதி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இருக்கும்போதே 1983 கலவரம் வந்தது, 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. உயிர் பிழைக்கப் படகில் வந்தார்கள், அகதி என்று பதிவானார்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லை வைத்து அவர்களுக்கு வழியை அடைத்தது. அதனால் முகாமில் பிறந்த பிள்ளைக்கும் நாடு இல்லாமல் போனது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்கள் இந்திய வம்சாவளியினர், விண்ணப்பங்களைப் பரிசீலியுங்கள் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த சி.ஏ.ஏ.வில் இலங்கையின் பெயரே இல்லை. 2025 செப்டம்பரில் தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஜெயிலில் போடமாட்டோம் என்பதற்கும் நீ குடிமகன் என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும்.

ஏழாவது தலைமுறை மொரீஷியஸ்காரர் வம்சாவளி. மூன்றாவது தலைமுறை மலையகத்தார், இதே மண்ணில் பிறந்தும், வெளியாள். முதலாமவர் முதலீட்டோடு வருவார், தூதரக உறவுக்கு உதவுவார். இரண்டாமவர் பெயிண்ட் அடிக்கப் போகிறார், கலெக்டரிடம் மனு கொடுக்கிறார். டெல்லிக்கு வித்தியாசம் தெரிகிறது.

பக்கத்திலேயே கொக்கிரகுளம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களை போலீஸ் ஆற்றுக்குள் விரட்டி அடித்தது, 17 பேர் செத்தார்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் கொடுத்த குத்தகைக் காட்டில் மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் அவை. 2024இல் கம்பெனி கணக்கை முடித்து மலையை விட்டு இறங்கச் சொன்னது. "நீங்கள் சொந்த ஊருக்குப் போகலாமே" என்று பேசியவர்களை நானே கேட்டிருக்கிறேன். கடல் தாண்டாதவர்களுக்கும் இதுதான் நிலை.

கடைசியாக ஒரு வேலை. முகாம்களில் பல குடும்பங்களிடம் பழைய தாள்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. தோட்டத்துப் பிறப்புச் சீட்டு, கண்டியில் இந்தியத் துணைத் தூதரகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், ஒப்பந்தக் காலத்துப் பாஸ்போர்ட். பலதும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கும், செல்லரித்திருக்கும். அவற்றை ஸ்கேன் எடுத்து, ஆண்டு வாரியாக அடுக்கி, குடும்பத்துக்கு ஒரு கோப்பாகச் செய்து வழக்கறிஞர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்கூடிய பத்துப் பேர் வேண்டும், லேப்டாப் இருந்தால் நல்லது. வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் போன் நம்பரும் எழுதினால் போதும். அதில் ஊர் கேட்டு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள், அதை நான்தான் அடிக்கச் சொன்னேன்.