பெண்களும் சைக்கிள் சீட்டும்

(பனமலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் மலைமேலிருக்கும் சாமியைப் பற்றிப் பேசுவோமென்று சிலர் வந்திருக்கக்கூடும். ராஜசிம்ம பல்லவன் கட்டிய அக்கோவிலில் சாமி 1,300 வருஷமாய் இருக்கிறார். அவரை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். அங்கே சுவரில் ஒரு சித்திரம் இருக்கிறது. புருஷன் ஆடுவதை அம்மன் குடையின் கீழ் நின்றபடி பார்க்கிறாள். அம்மனுக்கே உட்கார இடமில்லை! ஆகவே, பெண்கள் உட்காரும் இடத்தைப் பற்றி, அதாவது சைக்கிள் சீட்டைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு பெண் ஐந்து மைல் சைக்கிள் விட்டு வந்து இடுப்பு வலிக்கிறது என்றால், வீட்டிலுள்ளவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பொம்பளைக்குச் சைக்கிள் ஆகாது, கர்ப்பப்பைக்குக் கெடுதி" என்கிறார்கள். சீட்டு சரியில்லை என்று ஒருவராவது சொல்லுகிறார்களா? செருப்புக் கடித்தால் செருப்பை மாற்றுகிறோமே ஒழிய, காலுக்கு நடை ஆகாதென்று தீர்ப்புச் சொல்லுகிறோமா? இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்த வைத்தியர்களிலேயே சிலர் இப்படித்தான் பெண்களைப் பயமுறுத்தினார்கள்.

புதுக்கோட்டைச் சங்கதியைப் பாருங்கள். 1991-92ல் அறிவொளி இயக்கத்தார், கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தினால், எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அப்போது எந்தக் குடும்பமும் கெட்டுப் போகவில்லை. தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சைக்கிளில் வந்தன, அவ்வளவுதான்.

நிற்க. வலி எங்கிருந்து வருகிறது? நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குபவை அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். பெண்களுக்கு அவை சாதாரணமாய்ச் சற்று அகன்றிருக்கும். குறுகலான சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு வெளியே நிற்க, நடுவிலிருக்கும் சதை நசுங்குகிறது. பஞ்சு வைத்த சீட்டு கடையில் அழுத்திப் பார்க்க மெத்தென்றிருக்கும். ஆனால் இரண்டு மைலில் எலும்பு உள்ளே புதைந்து, பஞ்சு நடுவில் புடைத்துக் குத்தும்.

தோல் சீட்டு அப்படியல்ல. முன்னும் பின்னும் இரும்பில் மாட்டி, தூளியைப் போல் தொங்கவிட்டிருப்பார்கள். பழகப் பழக உட்காருகிறவரின் எலும்புக்குத் தக்க பள்ளம் விழும். இதில்தான் ஒரு சூது இருக்கிறது. புருஷன் பத்து வருஷம் உட்கார்ந்து பழக்கின சீட்டில் அவனுடைய பள்ளம் இருக்குமே தவிர, பெண்சாதியுடையது இராது. அவனுக்கு மெத்தை, அவளுக்குக் கட்டை! வீட்டில் ஒரே சைக்கிள் என்றாலும் அவளுக்கென்று ஒரு சீட்டு வாங்கி, வேண்டும்போது மாற்றிக் கொள்ளட்டுமே.

தோல் தீட்டு என்கிற வைதிகர்களும் நம்மில் உண்டு. மிருதங்கத் தோலைத் தொட்டுத் தட்டுகிறவருக்குத் தீட்டு வராது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டுக் கொடுத்தவன் மட்டும் தெருவுக்குள் வரக்கூடாது. இந்த யோக்கியதையில் தோல் சீட்டின்மேல் ஏறி உட்காருவதற்கு மட்டும் வெட்கமில்லை.

வாங்கும் விதம் இதுதான். ஒரு பெட்டி அட்டையைப் படிமேல் வைத்து, முழங்காலைத் தூக்கி அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றின் நடு முதல் நடு வரையுள்ள அளவைவிட இரண்டு விரற்கடை அகலமான சீட்டு வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு ஸ்பிரிங் உள்ளது நல்லது. மூக்கு குட்டையாயிருந்தால் புடவை சிக்காது. பெண்களுக்கென்றே அப்படிச் செய்கிறார்கள். முதல் சில வாரம் விறைப்பாகத்தான் இருக்கும், பொறுக்க வேண்டும். ஆனால் குறுகலானது எத்தனை வருஷமானாலும் அகலமாகாது. மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே கொண்டு போகாதீர்கள். தொய்ந்தால் மூக்கின் அடியிலுள்ள நட்டைச் சிறிது முறுக்கினால் போதும்.

புது சீட்டு வாங்கப் பணமில்லாதவர்கள், இருக்கிற சீட்டின் மூக்கு மேல்நோக்கி நிற்கிறதா என்றாவது பாருங்கள். பாதி வலி அதில்தான். நாம் ஸ்பானர் கொண்டு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் சைக்கிளில் வந்த சகோதரிகள் அப்படியே போய்விடாமல், அந்தப் புளியமரத்தடிக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள்.