உழைக்கிற உடம்புக்கு ஒரு கால் மணித்தியாலம்

(சங்க மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் வைத்தியனும் இல்லை, முனிவனும் இல்லை. கிழமை நாட்களில் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறவன். ஞாயிறுகளில் இதே மண்டபத்தில் யோகாசன வகுப்பு நடத்துகிறவன். ஆகவே தத்துவம் பேசப் போவதில்லை. நாரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த லண்டனிலே எங்கட சனம் செய்கிற வேலைகளைப் பாருங்கள். பெற்றோல் நிலையத்திலே கால் கடுக்க நிற்கிறம். உணவகக் குசினியிலே குனிந்தபடி பாத்திரம் கழுவுகிறம். முதியோர் இல்லத்திலே ஆட்களைப் பிடித்துத் தூக்கி இருத்துகிறம். வகுப்புக்கு வருகிறவர்களிடம் என்ன செய்யுது எண்டு கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான்: "அண்ணை, நாரி பிடிச்சிட்டுது." குளிசையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறார்கள்.

"நாள் முழுக்க உடம்பை முறிக்கிறம், பிறகென்ன தேகப்பயிற்சி?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேலை ஒரே அசைவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதனால் சில தசைகள் இறுகுகின்றன. சில தசைகள் பலம் குறைகின்றன. ஆசனமோ உடம்பை எல்லாப் பக்கமும் மெல்ல வளைத்து, முதுகையும் வயிற்றையும் உறுதிப்படுத்துகிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. யோர்க் பல்கலைக்கழகத்தார் நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான வைத்தியத்தோடு 12 யோகாசன வகுப்புகளும் கிடைத்தன; மற்றவர்களுக்கு வழமையான வைத்தியம் மட்டும். ஒரு வருடம் கழித்தும் வகுப்புக்குப் போனவர்கள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதில் முன்னேறி நின்றார்கள். அந்த வருடத்தில் நாரி நோவால் அவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் சராசரி 4, மற்றவர்களுக்கு 12. நாட்சம்பளத்தில் வாடகை கட்டுகிற எங்களுக்கு அந்த எட்டு நாள் எவ்வளவு பெரிது!

ஆனால் உள்ளதைச் சொல்ல வேணும். நோ முற்றாகப் போய்விட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சிலருக்கு நோ கூடியும் இருக்கிறது. ஆகவே புத்தகத்தைப் பார்த்து உடம்பை முறுக்காதீர்கள். காலில் விறைப்பு, பலக்குறைவு, சலம் போவதில் சிக்கல் இருந்தால் ஆசனம் வேண்டாம். உடனே வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. யோகாசனம் செய்கிறம் எண்டதற்காக அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தூக்கச் சம்மதிக்காதீர்கள். பாரம் தூக்குவதில் தொழிலாளருக்கு வரும் ஆபத்தைக் குறைப்பது முதலாளியின் கடமை என்று 1992ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் விதி வந்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எங்கட முதுகை நாங்கள் பார்ப்பது வேறு, அவர்கள் தங்கள் கடமையைச் செய்வது வேறு.

புதுவருடத்திலே பெரிய சபதம் ஒன்றும் வேண்டாம். தினமும் கால் மணித்தியாலம் போதும், தொடங்கலாம். பூனை முதுகை வளைப்பது போன்ற மார்ஜாரி ஆசனம், புஜங்காசனம், கடைசியில் சவாசனம். நிலத்தில் இருக்க ஏலாதவர்களுக்குக் கதிரையில் இருந்து செய்யக் காட்டித் தருவேன். பிள்ளைகளை விட்டுவர இடமில்லாத தாய்மார் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் மூன்று மணித்தியாலம் செய்து ஒரு மாதம் விடுவதிலும், தினம் கொஞ்சம் செய்வதே பலன் தரும்.

ஊரிலும் இங்கும் எங்களை நம்பிப் பல சீவன்கள் இருக்கின்றன. அவர்களுக்காகவேனும் இந்த உடம்பைக் காப்பாற்றுவோம். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.